நுழைவாயிலும் பொதுமக்களும்
அமெரிக்க பேஸ்போல் ஆட்டமும் குடும்பச் செலவும் – ஒரு வரலாற்று நோக்கு

ஒரு சமூகத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் சாசனங்களையும் சட்டங்களையும் ஆட்சியாளரின் கடிதங்களையும் ஆதாரமாகக் கொள்வது வழக்கம். விலைப்பட்டியல்களை வரலாற்று மாணவர் பெரிதாக எண்ணுவதில்லை. ஆயினும் ஒரு பொருளுக்கு என்ன விலை குறிக்கப்பட்டது, அவ்விலையை யார் கொடுக்கக்கூடும் என எண்ணி அது குறிக்கப்பட்டது என்பவற்றை நுணுகி நோக்குமிடத்து, அச்சமூகம் தன் மக்களுள் யாரைக் கணக்கில் எடுத்தது, யாரைப் புறத்தே விட்டது என்பது புலனாகும். அத்தகைய பட்டியல் ஒன்றினை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

1991ஆம் ஆண்டிலிருந்து அமெரிக்காவில் ரீம் மார்க்கெட்டிங் ரிப்போர்ட் என்னும் வெளியீடு, நால்வர் கொண்ட குடும்பமொன்று தொழில்முறை விளையாட்டுப் போட்டியொன்றைக் காணச் சென்றால் ஏற்படும் செலவினைக் கணித்து வெளியிடலாயிற்று. அக்கணிப்பில் அடங்கியவை: நான்கு அனுமதிச் சீட்டுகள், இரண்டு சிறிய கிண்ணம் பியர், நான்கு மென்பானங்கள், ஹொட் டோக் எனப்படும் சொசேஜ் வைத்த பணிஸ் நான்கு, ஒரு காருக்கான தரிப்பிடக் கட்டணம், இரண்டு ஆட்ட விபரக் கையேடுகள், இரண்டு தொப்பிகள். விளையாட்டைக் காண்பதற்கு இன்றியமையாதது இவற்றுள் முதலாவது மாத்திரமே. ஏனையவை எவ்வாறு செலவுக் கணக்கினுள் வந்து சேர்ந்தன? இவ்வினாவுக்கு விடை காண்பதாயின் பேஸ்போல் ஆட்டத்தின் நூற்றைம்பது ஆண்டுக்கால வரலாற்றைப் பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும். கிரிக்கெட்டைப் போன்றே மட்டையும் பந்தும் கொண்டு ஆடப்படுவதாயினும் ஓரிரு நாட்களுக்கு நீளாது சில மணிநேரத்தில் முடிந்துவிடும் அவ்வாட்டம், அமெரிக்கரால் தம் தேசிய விளையாட்டெனப் பெருமையுடன் குறிப்பிடப்படுவது. எல்லோர்க்கும் உரியது எனப்பட்ட ஒன்றின் வாயிலில் எவ்வாறு காவல் இடப்பட்டது என்பதே நம் ஆய்வுப்பொருளாகும்.

மதிலும் பத்துச் சதமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பேஸ்போல், நகர்ப்புற எழுதுவினைஞரும் கைவினைஞரும் தத்தம் கழகங்களில் கூடித் திறந்த வெளிகளில் ஆடிய ஆட்டமாகவே இருந்தது. வழிப்போக்கர் நின்று பார்த்தனர். திறந்த வெளியில் பார்ப்போரிடம் கட்டணம் பெறுதல் இயலாது. 1862ஆம் ஆண்டு நியூயோர்க்கை அடுத்த புறூக்ளினில் வில்லியம் கமேயர் என்பவர், குளிர்காலத்தில் பனிச்சறுக்கலுக்குப் பயன்பட்ட தம் நிலத்தைச் சுற்றி வேலியமைத்து, அதனை யூனியன் மைதானம் எனப் பெயரிட்டுப் பேஸ்போல் கழகங்களுக்கு அளித்தார். பார்வையாளரிடம் 10 சதம் அறவிடப்பட்டது. பெண்கள் அமர்வதற்கெனத் தனியிடமும் ஒதுக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சி சிறிதாயினும் அதன் விளைவு பெரிது. வேலி எழுந்ததும் பார்வையாளன் வாடிக்கையாளனாக மாறினான். வாயிலில் சேர்ந்த பணம் ஆட்டக்காரருக்கு வேதனம் கொடுக்க வழிசெய்தது. 1869இல் சின்சினாட்டி நகரின் ரெட் ஸ்டொக்கிங்ஸ் அணி, ஆட்டக்காரர் அனைவருக்கும் வெளிப்படையாகவே வேதனம் கொடுத்து ஆடிய முதல் அணியாக அமைந்தது. தொழில்முறை விளையாட்டு வேலியின் விளைவு எனக் கூறின் மிகையாகாது.

ஐம்பது சதமும் இருபத்தைந்து சதமும்

1876ஆம் ஆண்டு சிக்காகோவைச் சேர்ந்த வில்லியம் ஹல்பேட் என்பாரின் முயற்சியால் தேசிய லீக் நிறுவப்பட்டது. நுழைவுக் கட்டணம் 50 சதம். மைதானத்தில் மதுபானம் விற்றலாகாது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம் நிகழ்தலாகாது என்பன அதன் கொள்கைகள். 1880களில் பயிற்சியற்ற தொழிலாளி ஒருவரின் நாட்கூலி ஒன்று முதல் ஒன்றரை டொலர் வரையிலேயே இருந்தது. கணவன், மனைவி, இரு பிள்ளைகள் ஆகியோர் முழுக்கட்டணம் செலுத்தி உள்ளே செல்ல 2 டொலர் வேண்டும். அஃதாவது, ஒரு நாள் உழைப்பு முழுவதையும் வாயிலிற் கொடுத்தாலும் குடும்பம் முழுவதும் உள்ளே செல்ல இயலாது. ‘கண்ணியமான’ பார்வையாளரைத் திரட்டுவதே தம் நோக்கமென லீக்கின் தலைவர்கள் கருதினர். ஒழுக்கம் பற்றிய அவர்தம் கவலை உண்மையாயிருக்கலாம். ஆயின் அவ்வொழுக்கத்தை அளக்க அவர்கள் கையாண்ட அளவுகோல் 50 சதமே என்பது நோக்கற்பாலது.

சின்சினாட்டிக் கழகம், ஜேர்மானியக் குடியேற்றவாசிகள் நிறைந்த அந்நகரின் வழக்கப்படி மைதானத்தில் பியர் விற்றமைக்காகவும், ஞாயிறுகளில் மைதானத்தை வாடகைக்கு விட்டமைக்காகவும் 1880இல் லீக்கிலிருந்து வெளியேற்றப்பட்டது. அதன் எதிர்விளைவு விரைவிலேயே தோன்றியது. 1882இல் ஆடத் தொடங்கிய அமெரிக்கன் அசோசியேஷன் என்னும் போட்டி அமைப்பு, 25 சதக் கட்டணத்தையும் ஞாயிறு ஆட்டத்தையும் பியர் விற்பனையையும் ஏற்றுக்கொண்டது. சென்ட் லூயிஸ் நகரில் தவறணை நடத்திய ஜேர்மானியரான கிறிஸ் வொன் டெ ஆ அதன் முக்கிய உரிமையாளருள் ஒருவர். எதிரிகள் அதனைப் ‘பியர், விஸ்கி லீக்’ என எள்ளி நகையாடினர். ஆயினும் இப்போது நால்வர் கொண்ட குடும்பம் ஒரு டொலருடன் உள்ளே செல்லலாம் என்ற நிலை தோன்றியது. பட்டியலிற் காணும் இரண்டு கிண்ணம் பியரின் வரலாறு இதுவேயாகும். குறைந்த கட்டணத்தால் இழந்ததை உள்ளே விற்கும் பானத்தால் ஈடுசெய்யும் முறை அன்றே வேரூன்றிவிட்டது. 1887இல் ஓகாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் ஹரி ஸ்ரீவன்ஸ் என்னும் ஆங்கிலேயக் குடியேற்றவாசி, ஆட்டக்காரர் பெயர்கள் அச்சிட்ட கையேட்டை விளம்பரங்களுடன் விற்கத் தொடங்கினார். பின்னர் அவர் மைதானங்களில் உணவு விற்கும் பெருநிறுவனமொன்றைக் கட்டியெழுப்பினார். பட்டியலின் கையேடு அங்கிருந்து வந்தது.

1891ஆம் ஆண்டுடன் அமெரிக்கன் அசோசியேஷன் மறைந்தது. அதன் கழகங்களுள் நான்கு தேசிய லீக்கில் இணைந்தன. ஆயினும் அது ஏற்படுத்திய மாற்றம் மறையவில்லை. 25 சத இருக்கைகளையும் ஞாயிறு ஆட்டத்தையும் விரும்பிய கழகங்கள் நடைமுறைப்படுத்த லீக் இடமளிக்க வேண்டியதாயிற்று. ஒரு போட்டி அமைப்புத் தோன்றியமையாலேயே வாயில் சற்று அகலத் திறந்தது என்பதை இங்கு மனங்கொள்ளல் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைப் பிரச்சினை

செலவு என்பது கையிலிருந்து செல்லும் பணம் மாத்திரமன்று. மின்னொளி இல்லாத அக்காலத்தில் ஆட்டங்கள் பிற்பகலிலேயே நிகழ்ந்தன. வாரத்தில் ஆறு நாட்களும் உழைத்த தொழிலாளி, வாரநாள் ஆட்டமொன்றைக் காண விரும்பின் அன்றைய கூலியையும் இழந்தாக வேண்டும். அவருக்கு எஞ்சியது ஞாயிறு ஒன்றே. அந்நாளிலோ பல மாநிலங்களில் சட்டம் தடையாக நின்றது. நியூயோர்க்கில் 1919இலும், பொஸ்டனில் 1929இலுமே தொழில்முறை ஞாயிறு ஆட்டம் அனுமதிக்கப்பட்டது. பென்சில்வேனியாவில் 1933ஆம் ஆண்டு வாக்கெடுப்பின் பின்னர் 1934இலேயே அது நடைமுறைக்கு வந்தது. 1935 மே 24ஆம் திகதி சின்சினாட்டியில் பெரும் லீக்குகளின் முதலாவது இரவு ஆட்டம் நடைபெற்றபோது, ஜனாதிபதி ரூஸ்வெல்ற் வெள்ளை மாளிகையிலிருந்தவாறே விசையை அழுத்தி விளக்கேற்றினார். ஞாயிறும் மின்விளக்கும் சாதாரண குடும்பத்தின் செலவைக் குறைத்த அளவிற்கு எந்தக் கட்டணக் குறைப்பும் குறைத்ததாகக் கூறமுடியாது.

குடும்பத்தின் ஏனைய உறுப்பினர் எவ்வாறு நடத்தப்பட்டனர் என்பதும் கருதத்தக்கது. 1880களிலிருந்து பல கழகங்கள் ‘மகளிர் தினம்’ எனச் சில நாட்களை அறிவித்து, ஆண்துணையுடன் வரும் பெண்களைக் கட்டணமின்றி அனுமதித்தன. பெண்கள் இருப்பின் கூட்டம் அடங்கியிருக்கும் என்பதும், அவர்களுடன் வரும் ஆண்கள் கட்டணம் செலுத்துவர் என்பதுமே காரணங்கள். 1917இல் சென்ட் லூயிஸ் கார்டினல்ஸ் கழகத்தின் பங்குகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டபோது, பங்கு வாங்குவோர் சிறுவர்க்கு இலவச இருக்கை வழங்கும் திட்டமொன்று சேர்க்கப்பட்டது. மரவேலியின் கணுத்துவாரத்தினூடே எட்டிப்பார்த்த சிறுவர்களின் நினைவாக அச்சிறுவர் கூட்டத்துக்குப் பெயரும் வழங்கிற்று. இன்றைய சிறுவன் நாளைய வாடிக்கையாளன் என்னும் வணிக நுட்பம் இதிலுண்டு. எனினும் வறிய சிறுவர் பலர் அதனால் உள்ளே சென்றனர் என்பதை மறுப்பதற்கில்லை.

ஒரே ஆட்டம், வேறு இருக்கை

கட்டணம் குறைந்திருந்தமையால் எல்லோரும் சமமாக அமர்ந்தனர் எனக் கொள்ளலாகாது. கூரையுடைய மேடையில் வசதி படைத்தோரும், வெயிலில் காயும் மரவாங்குகளில் தொழிலாளரும் அமர்ந்தனர். இப்பிரிவு பணத்தால் ஏற்பட்டது. பணத்தாலும் கடக்க இயலாத பிரிவு ஒன்றும் இருந்தது. சென்ட் லூயிஸ் நகரின் ஸ்போர்ட்ஸ்மன்ஸ் பார்க் மைதானத்தில் 1944 வரை கறுப்பின மக்கள் வலப்புறக் கோடியிலிருந்த பகுதியில் மட்டுமே அமர அனுமதிக்கப்பட்டனர். நல்ல இருக்கைக்குரிய விலையைக் கொடுக்க ஆயத்தமாயிருந்த கறுப்பினக் குடும்பத்துக்கும் அவ்விருக்கை விற்கப்படவில்லை. ஆடுகளத்திலும் அதே நிலைதான். 1947 ஏப்ரல் 15ஆம் திகதி ஜக்கி றொபின்சன் புறூக்ளின் டொட்ஜர்ஸ் அணிக்காகக் களமிறங்கியபோதே இருபதாம் நூற்றாண்டின் பெரும் லீக்குகளில் நிலவிய நிறத்தடை தகர்ந்தது. விலைப்பட்டியலில் எழுதப்படாத விலைகளும் உண்டு என்பதற்கு இது சான்றாகும்.

ட்ராம் வண்டியும் மோட்டார் காரும்

பட்டியலிற் காணும் ஏனைய செலவுகளுள் மிகுந்த சமூக முக்கியத்துவமுடையது கார்த் தரிப்பிடக் கட்டணமாகும். 1913இல் திறக்கப்பட்ட புறூக்ளினின் எபெற்ஸ் பீல்ட் மைதானம் குடியிருப்புகளின் நடுவே அமைந்திருந்தது. மக்கள் நடந்தும் ட்ராம் வண்டியிலும் சுரங்க ரயிலிலும் வந்தனர். டொட்ஜர்ஸ் என்ற பெயரே, குறுக்கும் நெடுக்குமாக ஓடிய ட்ராம் வண்டிகளுக்குத் தப்பி விலகிச்சென்ற புறூக்ளின் வாசிகளைக் குறித்து எழுந்ததாகும். அம்மைதானத்தில் ஏறத்தாழ 700 கார்களுக்கே இடமிருந்தது. இரண்டாம் உலகப்போரின் பின்னர் நடுத்தர வகுப்பினர் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தனர். கார் அவர்தம் வாழ்வின் அங்கமாயிற்று. கழக உரிமையாளர் வோல்ற்றர் ஓமலி புதிய மைதானத்துக்கான நிலம் குறித்து நியூயோர்க் நகர அதிகாரி றொபேட் மோசஸுடன் பிணக்குற்றார். 1957ஆம் ஆண்டுப் போட்டிகள் முடிந்ததும் அணியை லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் கொண்டு சென்றார்.

அங்கு 1962 ஏப்ரலில் திறக்கப்பட்ட டொட்ஜர் அரங்கு 56,000 இருக்கைகளும் 16,000 கார்களுக்கான தரிப்பிடமும் கொண்டது. அந்நிலத்தின் வரலாறு நம் சிந்தனைக்குரியது. சாவேஸ் ரவீன் எனப்பட்ட அப்பள்ளத்தாக்கில் மெக்சிக்க வம்சாவளிக் குடும்பங்கள் மூன்று சிற்றூர்களாக வாழ்ந்துவந்தன. அரசாங்க வீடமைப்புத் திட்டமொன்றின் பொருட்டு 1950இல் அவர்கள் நிலங்களை விற்றுவிடுமாறு பணிக்கப்பட்டனர். புதிய வீடுகளில் அவர்களுக்கே முதலிடம் என வாக்களிக்கப்பட்டது. பொதுவீடமைப்பைச் சோஷலிசம் எனக் கண்டித்த அரசியற் சூழலில் 1953இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. நிலம் மாநகரத்துக்குச் சென்று, பின்னர் கழகத்துக்கு உரியதாயிற்று. 1958 ஜூனில் நடந்த மக்கள் வாக்கெடுப்பு அவ்வுடன்படிக்கைக்குச் சிறு பெரும்பான்மையால் இசைவளித்தது. 1959 மே 8ஆம் திகதி, எஞ்சியிருந்தோர் வீடுகளிலிருந்து பலவந்தமாக வெளியேற்றப்பட்டனர். குடும்பங்கள் வாழ்ந்த இடம், குடும்பங்கள் காரை நிறுத்தும் இடமாயிற்று. ஒரு குடும்பத்தின் மாலைப்பொழுதுக்கான செலவைக் கணிப்போர் இச்செலவை எந்தப் பட்டியலிலும் சேர்ப்பதில்லை.

அதே டொட்ஜர்ஸ் கழகம் ஒன்றரை, இரண்டரை, மூன்றரை டொலர் எனும் தன் கட்டணங்களை 1958 முதல் 1975 வரை உயர்த்தாது வைத்திருந்தது என்பதையும் நடுநிலையுடன் கூறவேண்டும். இருக்கைகளை நிரப்பித் தரிப்பிடத்தாலும் உணவாலும் வருவாய் ஈட்டும் கொள்கை அது. கார் உடைய நடுத்தரக் குடும்பத்துக்கு அது பொற்காலம். கார் இல்லாத குடும்பத்துக்கு, குன்றின்மீது கார்க் கடலின் நடுவே நின்ற அவ்வரங்கு எபெற்ஸ் பீல்டைவிடத் தொலைவிலேயே இருந்தது.

வேதனமா காரணம்?

கட்டண உயர்வுக்கு ஆட்டக்காரரின் வேதனமே காரணம் என்னும் கூற்று அமெரிக்கரிடையே பரவலாக நிலவுவது. 1879இல் தோன்றிய ஒதுக்கீட்டு விதி, ஆட்டக்காரரைக் கழகத்தின் அனுமதியின்றி வேறிடம் செல்லவிடாது கட்டிவைத்தது. 1975 டிசம்பரில் நடுவர் பீற்றர் செயிற்ஸ் வழங்கிய தீர்ப்பு அக்கட்டினை அவிழ்த்தது. அன்று 50,000 டொலருக்கும் குறைவாக இருந்த சராசரி ஆண்டு வேதனம், 2010களில் 40 இலட்சம் டொலரைத் தாண்டியது. எனவே கட்டணம் உயர்ந்தது இயல்பே என்பர்.

இக்கூற்று காரணத்தையும் விளைவையும் இடம்மாற்றி வைப்பதாகும். 2009இல் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ற்ஸ் கழகம், எதிரணி, கிழமை, வானிலை என்பவற்றிற்கேற்ப நாளுக்கு நாள் விலை மாறும் சீட்டுகளைப் பரிசோதனையாக அறிமுகப்படுத்தியது. செவ்வாய்க்கும் சனிக்கும் இடையில் ஆட்டக்காரரின் வேதனம் மாறுவதில்லை. சீட்டின் விலையோ மாறுகிறது. அதே ஆண்டு நியூயோர்க்கில் திறக்கப்பட்ட புதிய யாங்கி அரங்கின் முன்வரிசைகளில் இருக்கையொன்றுக்கு 2,500 டொலர் குறிக்கப்பட்டது. அவ்விருக்கைகள் தொலைக்காட்சியில் வெறுமையாகத் தோன்றவே, சில வாரங்களுள் அவற்றுட் பலவற்றின் விலை பாதியாகக் குறைக்கப்பட்டது. அதற்காக எவருடைய வேதனமும் குறைக்கப்படவில்லை. வாங்குவோர் எவ்வளவு கொடுப்பர் என்பதே விலையைத் தீர்மானிக்கிறது. அவ்வாறு சேர்ந்த பணத்தில் ஆட்டக்காரர் தம் பங்கைக் கேட்டுப் பெறுகின்றனர்.

மேலும், 1882இல் போல மலிவான போட்டி அமைப்பொன்று பிற்காலத்தில் ஏன் நிலைபெறவில்லை என வினவலாம். 1914, 1915 ஆகிய ஆண்டுகளில் பெடரல் லீக் என்னும் அமைப்பு அதற்கு முயன்று முறிந்தது. அதன் கழகங்களுள் ஒன்று தொடுத்த வழக்கில், பேஸ்போல் மாநிலங்களுக்கிடையிலான வர்த்தகமாகாது என 1922இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனியுரிமைத் தடைச்சட்டங்கள் அதனைத் தீண்டாவாயின. பெரும்பாலான நகரங்களில் ஓரணியே என்ற நிலையில், விலை மிகுதி எனக் கருதும் குடும்பம் வேறெங்கும் செல்வதற்கில்லை.

பொதுப்பணமும் தனியறைகளும்

1992இல் பால்ற்றிமோர் நகரில் திறக்கப்பட்ட கம்டன் யார்ட்ஸ் அரங்கு பழைய செங்கல் மைதானங்களின் தோற்றத்தைப் பின்பற்றியது. அதன் நிதி மாநில அரசின் லொத்தர்ச் சீட்டு வருவாயினின்றும் வந்தது. பழைய அரங்கைவிட இருக்கைகள் குறைவு. செல்வந்தருக்கும் நிறுவனங்களுக்கும் உரிய தனியறைகள் அதிகம். பின்னெழுந்த அரங்குகள் பல இவ்வழியையே பின்பற்றின. புதிய யாங்கி அரங்கும் பழையதைவிட இருக்கைகள் குறைந்ததே. அயலிலுள்ள மக்கள் பயன்படுத்திய பொதுப்பூங்காவின்மீதே அது எழுந்தது. வரிவிலக்குப் பெற்ற கடன்முறிகள் அதற்கு உதவின. லொத்தர்ச் சீட்டு வாங்கியும் வரி செலுத்தியும் மண்டபத்தைக் கட்ட உதவிய மக்களே அதன் வாயிலில் தயங்கி நிற்க நேர்வதைவிடப் பெரிய முரண்பாடு வேறென்ன இருக்கமுடியும்?

இதற்கு மறுப்புரைப்போரும் உளர். 2007இல் பேஸ்போல் பெரும் லீக் ஆட்டங்களைக் கண்டோர் தொகை ஏறத்தாழ 8 கோடியை எட்டிற்று. மக்கள் விலக்கப்பட்டனர் என எவ்வாறு கூறலாம் என்பர். மேற்றட்டுகளில் மலிவான இருக்கைகள் இருப்பதையும், பட்டியலிலுள்ள தொப்பியை எவரும் ஒவ்வொருமுறையும் வாங்குவதில்லை என்பதையும் சுட்டுவர். இவை பொருளற்ற வாதங்களல்ல. ஆயின் தொகை என்பது எத்தனை பேர் சென்றனர் எனக் கூறுமேயன்றி, யார் சென்றனர் எனக் கூறாது. இருபது தடவை செல்லும் ஒருவரும், ஒருமுறை செல்லும் இருபதின்மரும் அக்கணக்கில் ஒன்றே.

விலை தெரிவினாலேயே அமைகிறது என்பதற்கு வேறொரு விளையாட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். 2017இல் அற்லான்ரா நகரின் பல்கன்ஸ் என்னும் அமெரிக்க உதைபந்தாட்டக் கழகம் தன் புதிய அரங்கில் ஹொட் டோக்கை 2 டொலருக்கு விற்றது; உணவு விலைகளைப் பழைய அரங்கிலிருந்ததன் பாதியளவுக்குக் குறைத்தது. அவ்வாண்டில் ஆளொருவர் உணவுக்குச் செலவிட்ட தொகை 16 சதவீதம் உயர்ந்தது. குறைந்த விலையில் கழகமும் இழக்கவில்லை. பிள்ளைகளின் பசிக்குத் தந்தையும் அஞ்சவேண்டியிருக்கவில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்துச் சில உண்மைகள் தெளிவாகின்றன. நுழைவுக் கட்டணம் என்பது ஆட்டத்தின் ‘இயற்கையான’ விலையாக எக்காலத்தும் இருந்ததில்லை. 1876இன் 50 சதமும் 2009இன் 2,500 டொலரும், யார் உள்ளே வரவேண்டும் என உரிமையாளர் எடுத்த தீர்மானங்களே. அத்தீர்மானம் தளர்ந்த காலங்களும் இருந்தன. 1882இல் போட்டி அமைப்பொன்று தோன்றியபோதும், ஞாயிறுத் தடை நீங்கியபோதும், நிறத்தடை தகர்ந்தபோதும் வாயில் அகன்றது. தானாக அது ஒருபோதும் அகன்றதில்லை.

இன்னொன்றும் கூறவேண்டும். நால்வர் கொண்ட குடும்பம், காருடைய குடும்பம், இரு தொப்பி வாங்கும் குடும்பம் என்ற கணிப்பே ஒரு வகுப்பின் வாழ்க்கைமுறையைப் பொதுவாழ்க்கையெனக் கொள்கிறது. ஐந்தாவது பிள்ளையுள்ள வீடும், பஸ்ஸில் வரும் தாயும் அக்கணக்கில் இல்லை. கணக்கெழுதுவோனின் ஏட்டில் இடம்பெறாதோரையும் தேடிக் காண்பதே வரலாற்று மாணவனின் கடமையெனில், விளையாட்டரங்கின் வாயிலும் நாம் நின்று ஆராயவேண்டிய இடங்களுள் ஒன்றாகும்.